ஒரு கிராமுக்குள் ஒரு கிரவுண்டு

என் மேசையின்மேல் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஓமப்பொடியை விரலால் நொறுக்கிப் போட்டதுபோல், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில், வெளிர்நீல நிறத்தில் சின்னஞ்சிறு குச்சிகள் அதற்குள் கிடக்கின்றன. ஒன்றைக் குறுக்கே ஒடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், முகம் மூன்று இதழ்ப் பூவைப்போலத் தெரியும். மணலியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது, தண்டையார்பேட்டை வீட்டுக்கு நான் கொண்டுவந்த நினைவுப்பொருள் இது ஒன்றுதான். ஆலையில் கேட்டலிஸ்ட் என்போம், பாடநூலில் வினையூக்கி; தான் செலவாகாமல் வேதிவினையை விரைவாக்கும் பொருள். அலுமினா என்னும் நுண்துளைகள் நிறைந்த பொருளின்மேல் கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிச் செய்யப்பட்டது. அதில் ஒரு கிராம் எடுத்து, உள்ளே இருக்கும் துளைகளின் சுவர்களையெல்லாம் பிரித்து விரிக்க முடிந்தால், 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். சென்னைக்காரர் கணக்கில் சொன்னால், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு.

சென்ற மாதம் என் அக்கா மகள் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தாள். முதுகலை வேதியியல் படிக்கிறாள். "மாமா, சூரிய ஒளியில எரிபொருள் தயாரிக்கிற கேட்டலிஸ்ட் பத்தி செமினார் எடுக்கணும். பேப்பர்ல எல்லாம் உலோகப் பேரா வருது, ஒண்ணும் மனசுல ஒட்டல" என்றாள். அவள் கொண்டுவந்திருந்த தாள்களைப் புரட்டியபோது எனக்கு வியப்பாக இருந்தது. பிளாட்டினம், நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் என்று அதில் இருந்த பெயர்களில் பாதி, நான் ஆண்டுக்கணக்கில் டிரம் டிரம்மாக இறக்கி ஏற்றிய பொருள்களின் பெயர்கள். கச்சா எண்ணெயைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் ஆக்கிய அதே உலோகங்களைத்தான் எண்ணெய் இல்லாமல் எரிபொருள் செய்வதற்கும் உலகம் நம்பியிருக்கிறது. அன்று மாலை அவளிடம் பேசியதையும், அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பலரும் அறிவோம். மின்சாரத்தை அப்படியே சேர்த்து வைப்பது கடினம். எரிபொருளாக மாற்றினால் தொட்டியில் வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம், உலையில் எரிக்கலாம். அதற்கு மிக எளிய வழி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது. இந்த ஆசை புதியதன்று. இத்தாலிய வேதியியலர் ஜாக்கோமோ சாமிச்சன், 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையிலேயே, நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், வறண்ட நிலங்களில் புகையில்லாத கண்ணாடிக் குழாய்த் தொழிற்சாலைகள் எழும், செடிகள் மட்டும் அறிந்த ஒளிவேதி இரகசியத்தை மனிதன் கைக்கொள்வான் என்று பேசியிருக்கிறார். அதே 1912இல்தான், நிக்கல் தூளைக் கொண்டு ஹைட்ரஜனைக் கரிமச் சேர்மங்களில் ஏற்றிக் காட்டிய பிரெஞ்சு வேதியியலர் பால் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வனஸ்பதி முதல் டீசல் வரை அந்த நிக்கலுக்குக் கடன்பட்டவை. சபாத்தியே சொல்லிச் சென்ற ஒரு விதி இந்தத் துறைக்கே அடித்தளம்: நல்ல வினையூக்கி, தன்மேல் வந்து ஒட்டும் மூலக்கூற்றை இறுகவும் பிடிக்கக்கூடாது, நழுவவும் விடக்கூடாது. இறுகப் பிடித்தால் இடம் அடைபட்டுப் போகும். நழுவவிட்டால் வினையே நடக்காது. ஹைட்ரஜனைப் பொறுத்தவரை அந்த நடுப்பிடி பிளாட்டினத்துக்கு வாய்த்திருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது; அதனால்தான் அதற்கு மாற்றுத் தேடுவது அவ்வளவு கடினமாகவும் இருக்கிறது.

ஒளியைக் கொண்டு நேரடியாகத் தண்ணீரைப் பிரிக்க முடியும் என்று 1972இல் ஜப்பானின் அக்கிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் உலகுக்குக் காட்டினார்கள். டைட்டானியம் டைஆக்சைடு ஒரு மின்வாய், பிளாட்டினம் மற்றொன்று. டைட்டானியம் டைஆக்சைடின்மேல் ஒளி பட்டதும் அங்கே ஆக்சிஜனும் பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் எழுந்தன. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: டைட்டானியம் டைஆக்சைடு புற ஊதா ஒளியை மட்டுமே உண்ணும், சூரிய ஒளியின் ஆற்றலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. எஞ்சிய ஒளியையும் பயன்படுத்தும் குறைக்கடத்தியையும் (டைட்டானியம் டைஆக்சைடுபோல ஒளியை உண்டு எலக்ட்ரானை விடுவிக்கும் பொருள்), அதன்மேல் பூசுவதற்கு மலிவான உலோகத்தையும் தேடும் வேலை அன்று தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

ஹைட்ரஜன் எழும் பக்கத்தின் கதை எனக்கு நெருக்கமானது. காரணம் அது என் குப்பிக்குள்ளேயே இருக்கிறது. டீசலில் உள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் கொண்டு நீக்கும் பிரிவில் நான் நெடுங்காலம் இருந்தேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல் வந்தபோது, கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றானது. அதைச் சாதித்தவை இந்தக் குச்சிகள்தான். இவற்றைக் கொள்கலனில் நிரப்பியதும் வேலை தொடங்கிவிடுவதில்லை. முதலில் கந்தகம் ஊட்ட வேண்டும். நீல நிறம் மறைந்து கன்னங்கரேல் என்று ஆன பிறகு, உள்ளே மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் படலம் உருவாகியிருக்கும். அதுதான் உண்மையான வேலையாள். இந்தப் பொருள் தாள் தாளாக அடுக்கிய அமைப்புடையது. தாளின் விரிந்த பரப்பு ஏறத்தாழச் சும்மா கிடக்கிறது; வேலையெல்லாம் ஓரத்தில்தான் நடக்கிறது. இதே ஓரம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதற்கும் பொருந்தும் என்று 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஹைட்ரஜனை அது பிடிக்கும் பிடி, பிளாட்டினத்தின் பிடிக்கு அருகில் வந்தது. 2007இல் தங்கத்தின்மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடின் நுண்தீவுகளை வளர்த்து, தீவுகளின் பரப்பையும் ஓரத்தின் நீளத்தையும் தனித்தனியே அளந்து, ஹைட்ரஜன் எழும் வேகம் ஓர நீளத்தோடுதான் கூடிக் குறைகிறது என்பதை மெய்ப்பித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நான் கையில் அள்ளிய கறுப்புப் பொருள், டீசலைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், டீசலே தேவைப்படாத ஒரு காலத்துக்கும் உரியது என்று தெரிந்த நிறைவு அது.

ஆனால் உண்மையான தொல்லை மறுபக்கத்தில், ஆக்சிஜன் எழும் இடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று உருவாக இரண்டு எலக்ட்ரான்கள் போதும். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று உருவாகவோ, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்ற வேண்டும். இரண்டு ஆக்சிஜன் அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கவும் வேண்டும். கணக்குப்படி தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதுமானது. நடைமுறையில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் வோல்ட்டில் பெரும்பங்கு இந்தப் படியில்தான் செலவாகிறது. அமிலச் சூழலில் இதை நீடித்துத் தாங்கி நிற்கும் உலோகம் இரிடியம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 7 அல்லது 8 டன்தான் அது கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் பிளாட்டினச் சுரங்கங்களின் உபபொருளாக. ஒரு லாரியில் அடங்கிவிடும் உலோகத்தை நம்பி உலகின் எரிபொருளை மாற்ற முடியாது.

காரச் சூழலுக்கு வந்தால் நிக்கல் கைகொடுக்கிறது. இங்கே ஒரு சிறப்பான செய்தி உண்டு. காரக் கரைசலில் ஊறிய நிக்கல் மின்வாய் நாளாக நாளாக ஆக்சிஜனை நன்றாகத் தருவதைப் பலர் கண்டிருந்தார்கள். அதை நிக்கலின் குணம் என்றே கருதினார்கள். 1987இல் டென்னிஸ் காரிகன் என்னும் ஆய்வாளர், கரைசலில் கலந்திருந்த மிகச் சிறிதளவு இரும்புதான் அதற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் 2014இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தினர் கரைசலிலிருந்து இரும்பை முற்றாக நீக்கிப் பார்த்தபோது, தனித்து நின்ற நிக்கல் மிக மந்தமாக இருந்தது. கலப்படம் என்று ஒதுக்கியதே உயிர்நாடியாக இருந்திருக்கிறது. இன்று காரக் கரைசலுக்கான சிறந்த வினையூக்கிகளின் வரிசையில் நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடு முன்னால் நிற்கிறது. இரண்டும் கடைத்தெருவில் கிடைக்கும் உலோகங்கள்.

இவ்வளவையும் கேட்ட மருமகள், கண்ணால் பார்த்தால்தான் பேச வரும் என்றாள். வியாசர்பாடியில் எனக்குப் பழக்கமான ஒரு முலாம் பட்டறையில் விரல் அகல நிக்கல் துண்டுகள் இரண்டு வாங்கினோம். ஆறு வோல்ட், ஐந்து வாட் சோலார் தகடு ஒன்று, பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று, சோதனைக் குழாய்கள் இரண்டு. முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு; கடலோரம் நெடுகிலும் நிலத்தடியில் கடல் நீர் ஏறிவிட்டதை இங்கே குடியிருக்கும் எல்லோரும் அறிவோம். உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும் என்று எண்ணி, அதை அப்படியே ஜாடியில் ஊற்றினேன். வெயில் பட்டதும் குமிழ்கள் எழுந்தன. கால்மணி நேரத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. நேர்மின்வாயாக இருந்த நிக்கல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அதிலிருந்து கரைந்த நிக்கல் பச்சைக் கலங்கலாக மிதந்தது. எதிர்மின்வாயின்மேல் சுண்ணாம்பும் மெக்னீசியமும் வெள்ளைப் பொருக்காகப் படிந்தன. நிக்கல் கலந்த நீரைச் சாக்கடையில் விடக்கூடாது என்பதால், கையுறை போட்டு அதைத் தனியே பாட்டிலில் சேர்த்து மூடி வைத்தேன்.

அந்த வாடை ஒரு பாடம்தான். கணக்குப்படி பார்த்தால், தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுப்பதைவிடக் குளோரைடிலிருந்து குளோரின் எடுக்க அதிக வோல்ட் வேண்டும். ஆனாலும் குளோரின் முந்திக்கொள்கிறது. அதற்கு இரண்டு எலக்ட்ரான்கள் கழன்றால் போதும், ஆக்சிஜனுக்கு நான்கு. கடல் நீரை அப்படியே பிரித்து ஹைட்ரஜன் எடுக்க முயலும் ஆய்வாளர்கள் முட்டி நிற்கும் சுவர் இதுதான். கடற்கரையில் குடியிருந்துகொண்டு கடலைக் காட்டி "இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே" என்று சொல்லிவிடுவது எளிது. குளோரைடுக்கு அசையாமல் நீரை மட்டும் தேர்ந்தெடுக்கும் உலோகப் பரப்பைச் செய்வதுதான் கடினம்.

இரண்டாம் நாள் ஆர்.ஓ. தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, புதிய நிக்கல் துண்டு வைத்தோம். கலங்கலும் இல்லை, வாடையும் இல்லை. எதிர்மின்வாயிலிருந்து பால் போன்ற நுண்குமிழ்கள் திரையாக எழுந்தன. நேர்மின்வாயில் குமிழ்கள் சற்றுப் பெரியவை, சோம்பலாகப் பிரிந்தவை. ஹைட்ரஜன் குழாய் நிறையப் பத்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அப்போது ஆக்சிஜன் குழாய் சரியாகப் பாதியளவு நிறைந்திருந்தது. பாடநூலில் இரண்டுக்கு ஒன்று என்று எத்தனையோ முறை எழுதியவள், அந்த இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் செய்து பார்ப்பவர்கள் திறந்த வெளியில் செய்யுங்கள். இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் சேர்க்காதீர்கள்.

உப்பு நீரில் வாழ்ந்துகொண்டே இந்த வேலையைச் செய்யும் ஒரு பிறவி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் எஞ்சி நிற்கும் அலையாத்தி மரங்களைச் சொல்கிறேன். அவை உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிடுகின்றன. ஏறிவிட்டதை இலையின் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகின்றன. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும். அப்படி வடிகட்டிய பிறகுதான் இலைக்குள் நீர் பிரிக்கப்படுகிறது. அதைப் பிரிப்பதும் ஓர் உலோக வினையூக்கிதான்: நான்கு மாங்கனீசு அணுக்கள், ஒரு கால்சியம், அவற்றை இணைக்கும் ஐந்து ஆக்சிஜன். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அமைப்பை அணு அணுவாகத் தெளிவாகப் படமெடுத்தார்கள். புல், வேம்பு, அலையாத்தி எல்லாவற்றிலும் ஒரே கொத்துதான். இரிடியமும் இல்லை, பிளாட்டினமும் இல்லை.

அந்தக் கொத்தைத் தாங்கி நிற்கும் புரதம் கடும் வெயிலில் அரைமணி நேரத்திலேயே பழுதாகிவிடுகிறது என்பதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. செடி அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டே இருக்கிறது. அதாவது, இயற்கை நீண்டநாள் உழைக்கும் வினையூக்கியைச் செய்யவில்லை. பழுது பார்ப்பதை வினையின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டது. 2008இல் அமெரிக்காவில் டேனியல் நொசேராவும் மாத்யூ கேனனும் கண்டறிந்த கோபால்ட்–பாஸ்பேட் படலம் இந்த வழியில் வந்தது. வேலை செய்யும்போது அதிலிருந்து கோபால்ட் கொஞ்சம் கரைகிறது. கரைந்தது கரைசலில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து மீண்டும் படலமாகப் படிகிறது. 2011இல் நொசேரா குழுவினர் சிலிக்கான் தகட்டின் ஒரு பக்கத்தில் இதையும், மறுபக்கத்தில் நிக்கல்–மாலிப்டினம்–துத்தநாகக் கலவையையும் பூசி, கம்பியே இல்லாமல் நீரைப் பிரித்துக் காட்டினார்கள். செயற்கை இலை என்று செய்தித்தாள்கள் கொண்டாடியது அதைத்தான். விழுந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு எரிபொருளானது. அந்த எண் எவருக்கும் சிறியதாகப் படலாம். எனக்கு அதைவிடப் பெரியது, தன்னைத் தானே பூசிக்கொள்ளும் அந்தக் குணம்.

அதற்குக் காரணம் என் தொழில். ஆலையில் வினையூக்கி ஒரே நாளில் இறப்பதில்லை. மெல்ல மெல்ல மந்தமாகும்; அதே தரத்தில் டீசல் வர வேண்டுமென்றால் கொள்கலனின் வெப்பநிலையை ஒரு டிகிரி, பிறகு இன்னொரு டிகிரி என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில், இனி ஏற்ற முடியாது என்ற எல்லை வரும். அப்போது ஆலையை நிறுத்தி, உள்ளே நைட்ரஜன் நிரப்பி, மூச்சுக் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடியுடன் ஆள் இறங்கிப் பழையதை வெளியேற்ற வேண்டும். காற்றுப் பட்டால் அந்தக் கரிய குச்சிகள் கனன்று சிவக்கும். அந்த வேலையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர், வினையூக்கி எவ்வளவு வேகம் என்று முதலில் கேட்க மாட்டார். எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் கேட்பார். என் மருமகள் கொண்டுவந்த தாள்களில் பலவும் வேகத்தை முதல் பத்தியில் சொல்லின. ஆயுளைச் சொன்னவை சில, அதுவும் 50 மணி, 100 மணி என்று. ஆலையில் நூறு மணி என்பது நான்கு நாள். இந்தத் துறையில் இளைஞர்கள் வேகத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது ஆயுளுக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வகையில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுனாரி டோமன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ரோடியம், குரோமியம், கோபால்ட் ஆகியவற்றை நுண்துகள்களாக ஏற்றிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தூளைத் தகடுகளில் பூசி, 100 சதுர மீட்டர் பரப்பில் திறந்த வெளியில் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். ஆற்றல் விளைவு அதிகபட்சம் நூற்றுக்கு 0.76தான், இந்தத் தூளும் புற ஊதா ஒளியை மட்டுமே உண்பது. 1998இல் அமெரிக்காவில் ஜான் டர்னர் விலையுயர்ந்த குறைக்கடத்திகளைக் கொண்டு 12.4 வரை எட்டியிருக்கிறார். இருந்தாலும் வெயிலிலும் மழையிலும் நின்ற 0.76 என்னும் எண்ணுக்கு வேறு மதிப்பு உண்டு. இன்றைய நிலையில் சோலார் தகட்டையும் மின்னாற்பகுப்புக் கலத்தையும் கம்பியால் இணைப்பதே மலிவு. எங்கள் மாடியில் இருப்பதும் அந்த வகைதான். எந்த வழியானாலும் உலோகப் பரப்பின் சிக்கல் ஒன்றே.

கரியமில வாயுவை எரிபொருளாக்கும் கிளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985 முதல் ஜப்பானின் யோஷியோ ஹோரி பல உலோகங்களை வைத்துச் சோதித்ததில், மீத்தேன், எத்திலீன் போன்றவற்றைக் கணிசமாகத் தந்தது செம்பு மட்டுமே. ஆனால் செம்பு ஒரே ஒரு பொருளை மட்டும் தருவதில்லை. பதினாறு வகைப் பொருள்கள் வரை அதில் எண்ணியிருக்கிறார்கள். கலந்து வருவதைப் பிரித்தெடுக்க எவ்வளவு நீராவியும் எத்தனை காய்ச்சி வடிக்கும் கோபுரங்களும் வேண்டும் என்பதை அறிந்த எனக்கு, அந்தக் கிளையைவிட ஹைட்ரஜனே முதலில் பயன் தரும் என்று தோன்றுகிறது.

ஹைட்ரஜனுக்கு இங்கே வாடிக்கையாளர் இல்லாமல் இல்லை. சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் இன்றே அதை உண்கின்றன. பெரும்பாலும் அது இயற்கை எரிவாயுவையோ, கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தாவையோ நீராவியோடு நிக்கல் வினையூக்கியின்மேல் செலுத்திப் பெறப்படுகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் (பெரும்பாலும் சூரிய, காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறுவது) என்பது 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தின் இலக்கு. தண்ணீருக்கு எங்கே போவது என்று மருமகள் கேட்டாள். இருவரும் கணக்குப் போட்டோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ நீர் என்றால், வேதிச் சமன்பாட்டின்படி நாளொன்றுக்குச் சுமார் 12.3 கோடி லிட்டர். குளிரூட்டலும் கழிவும் சேர்த்தால் இன்னும் கூடும். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். நாடு முழுவதற்குமான சமன்பாட்டுத் தேவை, அதுபோன்ற மூன்று நிலையங்களுக்குள் அடங்குகிறது. அலையாத்தி செய்வதுபோல், முதலில் உப்பையும் அழுக்கையும் நீக்கு, பிறகு பிரி என்பதுதான் இப்போதைக்குச் சரியான வழி என்று அந்தக் கணக்கு எனக்குக் காட்டியது.

மாடியில் ஜாடி இன்னும் இருக்கிறது. மருமகளின் செமினார் முடிந்துவிட்டது. இருந்தும், தினமும் காலை பத்து மணிக்கு நான் ஏறிச் சென்று, ஒரே அளவு மின்னோட்டம் பாயும்படி குமிழைத் திருகி வைத்து, மின்வாய்களுக்கு இடையிலான வோல்ட்டைக் குறித்துக்கொள்கிறேன். ஆலையில் வெப்பநிலையைக் குறித்த அதே பழக்கம். வோல்ட் ஏறினால் நிக்கல் தளர்கிறது என்று பொருள். இன்றோடு 26 நாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும், ஒரு துளி இரும்பு உப்பைக் கரைசலில் விட்டு, அந்த எண் இறங்குகிறதா என்று பார்க்கப் போகிறோம்.